சக் நிற்கும் வரை கை வைக்காதீர்கள்: வெடிக்கும் கோபத்துக்கு ஒரு வழிகாட்டி

கோயம்புத்தூர் ஆவாரம்பாளையத்தில் எனக்கு ஒரு சின்ன லேத் பட்டறை இருக்கிறது. மூன்று லேத், ஒரு டிரில்லிங் மிஷின், நான்கு ஆட்கள். பம்ப் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட்டும் (சுழலும் தண்டு) புஷ்ஷும் (அதைத் தாங்கும் வளையம்) கடைந்து கொடுக்கிறோம். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், என்னிடம் வேலை பழகிக்கொண்டிருந்த பையன் மேல் சக் சாவியை எறிந்தேன். சக் என்பது லேத்தில் இரும்பைப் பிடித்துச் சுற்றும் தலைப்பகுதி, அதை இறுக்கும் இரும்புச் சாவி அது. அவன் ஒரு புஷ்ஷை அளவுக்கு மேல் கடைந்துவிட்டான், அவ்வளவுதான். அந்தப் புஷ்ஷின் விலை 80 ரூபாய்கூட இல்லை. சாவி அவன் முழங்காலுக்குக் கீழே பட்டது. மூன்று தையல். எறிந்த அடுத்த நொடியே கோபம் போய்விட்டது. நானே அவனை வண்டியில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். வழி முழுக்க அவன்தான் எனக்குச் சமாதானம் சொன்னான். “பரவாயில்லீங்கண்ணா, நான்தான் பார்க்காம விட்டுட்டேன்.”

அன்று இரவு தண்ணீர் குடிக்க டம்ளர் எடுத்தபோதுதான் ஒன்று உறைத்தது. எங்கள் வீட்டு அலமாரியில் கண்ணாடிச் சாமானே இல்லை. எல்லாம் எவர்சில்வர். மனைவியிடம் கேட்டேன். “நீங்க உடைச்சது போக மிச்சத்தை எங்கம்மா வீட்டுல கொண்டுபோய் வெச்சுட்டேங்க. நாலு வருசமாச்சு” என்றாள். அப்போது ஏழாம் வகுப்பு படித்த என் மகள் இன்னொன்று சொன்னாள். நான் வண்டிக்கு ஸ்டாண்டு போடும் சத்தத்தை வைத்தே அன்றைக்கு அப்பா எப்படி என்று அவளுக்குத் தெரியுமாம். சத்தம் பலமாகக் கேட்டால் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்அறைக்குப் போய்விடுவாளாம்.

இந்த இரண்டையும் கேட்ட பிறகுதான் வைத்தியத்துக்குப் போனேன். 38 வயது வரை போகாததற்குக் காரணம், எங்கள் பக்கம் எல்லோரும் சொல்லும் ஒரு வார்த்தை: “கோபம் இருக்கிற இடத்துலதான் குணம் இருக்கும்.” என் தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் இதைத்தான் சொன்னார்கள். எனக்கும் சொன்னார்கள். அம்மா கோயிலில் மந்திரித்த கயிறு கட்டிவிட்டார். அம்மாவின் மனசு கொஞ்சம் ஆறியது. என் கை அடங்கவில்லை. அந்தப் பேச்சை நம்பி இனி யாரும் வருடங்களை வீணாக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். எறிகிறவர்களுக்கும் எழுதுகிறேன், அவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கும் எழுதுகிறேன்.

முதலில் எண்ணுங்கள்

அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் என்னைப் பார்த்த டாக்டரம்மா “ஏன் கோபப்படுறீங்க?” என்று கேட்கவில்லை. “எத்தனை தடவை?” என்று கேட்டார். போன 3 மாதத்தில் வாரத்துக்கு எத்தனை முறை கத்தினேன், கெட்ட வார்த்தை சொன்னேன், கதவை அறைந்தேன்? போன 12 மாதத்தில் எத்தனை முறை பொருளை உடைத்தேன், ஆள் மேல் கை வைத்தேன்? நான் “எப்பவாச்சும்தாங்க” என்றேன். பக்கத்தில் இருந்த என் மனைவி விரல் விட்டு எண்ணினாள். டி.வி. ரிமோட்டைச் சுவரில் அடித்தது பொங்கல் முடிந்த வாரம். மிக்ஸி ஜாரைப் போட்டு உடைத்தது சித்திரைக் கனிக்கு மறுநாள். சிங்காநல்லூர் சிக்னலில் ஆட்டோக்காரரின் சட்டையைப் பிடித்தது ஆடியில். சக் சாவி கார்த்திகையில். கத்தலுக்கு அவள் சொன்ன கணக்கு வாரத்துக்கு மூன்று நான்கு.

இப்படி எண்ணச் சொன்னதற்குக் காரணம் உண்டு. டாக்டர்கள் பின்பற்றும் அமெரிக்க மனநலக் கையேட்டின் 5-ஆம் பதிப்பு 2013-இல் வந்தது. அதில் இதற்கு ஓர் அளவு போட்டிருக்கிறார்கள். யாருக்கும் காயம் இல்லாமல், எதுவும் உடையாமல் வெறும் கத்தலும் தள்ளுமுள்ளுமாக இருந்தால், சராசரியாக வாரத்துக்கு 2 முறை, 3 மாதம் நடந்திருக்க வேண்டும். பொருள் உடைவதோ ஆளுக்குக் காயம் படுவதோ இருந்தால், 12 மாதத்துக்குள் 3 முறை. இரண்டில் ஒன்று போதும். கூடவே சில நிபந்தனைகள். நடந்த விஷயத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத அளவுக்குப் பெரிய கோபமாக இருக்க வேண்டும். திட்டம் போட்டுச் செய்ததாக இருக்கக் கூடாது. அதனால் அவரே மனசு நொந்துபோயிருக்க வேண்டும், இல்லை வேலையோ குடும்பமோ கெட்டிருக்க வேண்டும். வயது 6-க்குக் குறையக் கூடாது. பொதுவாக இந்த வெடிப்பு சட்டென்று வரும், அரை மணி நேரத்துக்குள் ஓய்ந்துவிடும்.

இதன் பெயர் இன்டர்மிட்டென்ட் எக்ஸ்ப்ளோசிவ் டிஸ்ஆர்டர். “விட்டு விட்டு வெடிக்கிற கோபக் கோளாறு” என்று டாக்டரம்மா தமிழில் சொன்னார். உந்துதலை அடக்க முடியாமல் போகிற நோய்களில் இதுவும் ஒன்று. தேவையே இல்லாத பொருளைத் திருடியே தீர வேண்டும் என்று சிலருக்கு உந்துகிறதே, அதுவும் இந்த வகைதான். அமெரிக்காவில் 9,282 பேரிடம் எடுத்த ஒரு கணக்கு 2006-இல் வெளியானது. அதில் இந்தக் கோளாறு தொடங்கும் சராசரி வயது 14 என்று வந்தது. அதைக் கேட்டதும் எனக்கு ஒன்பதாம் வகுப்பு ஞாபகம் வந்தது. செயின் கழன்றதற்காக என் சைக்கிளை நானே கல்லால் அடித்து உடைத்த வருடம் அது.

ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டில் அடிக்கிற ஆண்கள் எல்லோரும் நோயாளிகள் இல்லை. முதலாளி முன்னால், போலீஸ் முன்னால், கடன் கொடுத்தவர் முன்னால் பூனை மாதிரி இருந்துவிட்டு, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு மனைவியை மட்டும் அடிக்கிறவருக்கு உந்துதல் கட்டுக்குள்தான் இருக்கிறது. ஆள் பார்த்து, இடம் பார்த்து அடிக்கிறார். அதற்கு வேறு பெயர், அதற்குச் சட்டம் இருக்கிறது. என் கோபம் ஆள் பார்க்கவில்லை. வருடத்துக்கு நான்கு லட்சம் ரூபாய் வேலை கொடுத்த ஒரு பார்ட்டியின் மேனேஜரையும் அவர் ஆபீஸிலேயே வைத்துத் திட்டி, அந்த ஆர்டரையே இழந்தேன். நோய் என்று பெயர் வந்ததால் அந்தப் பையனின் காலில் பட்ட காயத்துக்கு நான் பொறுப்பில்லை என்று ஆகிவிடாது. வைத்தியம் பார்த்துக்கொள்ள வேண்டியதும் என் பொறுப்புதான்.

டாக்டரிடம் போகும்போது

தனியாகப் போகாதீர்கள். நம் கோபத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்த ஒருவர் கூட வர வேண்டும். நமக்கு ஞாபகம் இருக்காது, இருந்தாலும் குறைத்துத்தான் சொல்வோம். அவர்களிடம் டாக்டர் தனியாகவும் கொஞ்ச நேரம் பேச வேண்டும். அப்படிப் பேச டாக்டர் கூப்பிட்டால் குறுக்கே நிற்காதீர்கள்.

வெடிக்கும் கோபம் வேறு நோய்களுக்கும் வாசலாக இருக்கும். அதனால்தான் இணையத்தில் படித்துவிட்டு நாமே பெயர் வைத்துக்கொள்ளக் கூடாது. எப்போதாவது தலையில் அடிபட்டு மயங்கியிருக்கிறீர்களா, வலிப்பு உண்டா என்று கேட்பார்கள். நான் கல்லூரிக் காலத்தில் பைக்கிலிருந்து விழுந்து கொஞ்ச நேரம் நினைவில்லாமல் கிடந்தவன் என்பதால் தலையில் ஒயர் வைத்து, மூளையின் மின் அலைகளைப் பார்க்கும் இ.இ.ஜி. எடுத்தார்கள். ஒன்றும் இல்லை. தைராய்டு, சர்க்கரை பார்த்தார்கள். தூக்கமே தேவைப்படாமல், காசை வாரி இறைத்துக்கொண்டு, பேச்சை நிறுத்தாமல் நாள்கணக்கில் இருந்ததுண்டா என்று கேட்பார்கள். அது இருந்தால் பைபோலார் நோயாக இருக்கலாம், அதற்கு மாத்திரையே வேறு. மனச்சோர்வு ஆண்களிடம் பல நேரம் அழுகையாக வராமல் எரிச்சலாக வரும். சின்ன வயதிலிருந்து கவனக்குறைவும் துறுதுறுப்பும் இருந்தவர்களுக்கு அதற்கான வைத்தியமே கோபத்தைப் பாதி குறைத்துவிடுவதும் உண்டு. குடியைப் பற்றிக் கேட்பார்கள். உண்மையைச் சொல்லுங்கள். நான் சனிக்கிழமை மட்டும் குடிப்பவன். அந்த நான்கு சம்பவங்களில் இரண்டு, சனிக்கிழமை இரவோ ஞாயிற்றுக்கிழமை காலையோ நடந்தவை என்று மனைவி எண்ணிச் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

எங்கே போவது என்று குழம்ப வேண்டாம். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தில் மாவட்ட அளவிலும் டாக்டர்கள் இருக்கிறார்கள். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416-க்கு அடியுங்கள். டெலி மானஸ் என்ற அரசு சேவை, 2022 அக்டோபரில் தொடங்கியது. காசு இல்லை, தமிழில் பேசலாம், ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள். வெளியே தெரிந்துவிடுமோ என்று பயப்படுகிறவர்களுக்கு: 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம், நம் வைத்திய விவரத்தை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை நமக்குக் கொடுத்திருக்கிறது.

என்னை முதலில் பார்த்தவர் இந்த டாக்டரம்மா இல்லை. ஒரு தனியார் கிளினிக்கில் இரண்டு நிமிடம் பேசிவிட்டு, பதற்றத்துக்குக் கொடுக்கும் மாத்திரையை எழுதிக் கொடுத்தார்கள். பகலெல்லாம் மந்தமாக இருந்தது. ஒரு நாள் அதைப் போட்டுக்கொண்ட பிறகும் முன்பைவிட மோசமாகக் கத்தினேன். அந்த வகை மாத்திரை சிலருக்கு மது செய்வதைப் போலவே செய்யும், இருக்கிற பிரேக்கையும் தளர்த்திவிடும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஒரு டாக்டர் சரியாக அமையவில்லை என்றால் வைத்தியத்தையே விட்டுவிடாதீர்கள். இன்னொருவரைப் பாருங்கள்.

தலைக்குள் என்ன நடக்கிறது

டாக்டரம்மா இதை மோட்டாரும் பிரேக்கும் என்று விளக்கினார். மூளையின் உள்ளே அமிக்டலா என்று பாதாம்பருப்பு அளவில் ஒரு பகுதி. ஆபத்து என்று முதலில் கூவுவது அது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை, “இரு, அப்படியொன்றும் இல்லை” என்று அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். இந்தக் கோளாறு உள்ளவர்களுக்குக் கோபமான ஒரு முகத்தின் படத்தைக் காட்டினாலே அமிக்டலா மற்றவர்களைவிட அதிகமாகத் துள்ளுகிறது, முன்மூளை போதுமான அளவு எழும்பவில்லை என்று ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள். செரட்டோனின் என்ற ரசாயனத்துக்கும் இதில் பங்கு உண்டு.

முன்மூளையைப் பற்றி உலகத்துக்குச் சொன்ன ஆள் ஒருவர் இருக்கிறார். இரும்பு வேலை செய்கிற எனக்கு அவர் கதை மறக்கவே மறக்காது. 1848 செப்டம்பரில் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், ரயில் பாதைக்காகப் பாறைக்கு வெடி வைக்கும்போது, மருந்து கெட்டிக்கும் கம்பி ஃபினியஸ் கேஜ் என்ற மேஸ்திரியின் கன்னத்தில் புகுந்து உச்சந்தலை வழியாக வெளியே போய் விழுந்தது. கம்பியின் நீளம் 3 அடி 7 அங்குலம், விட்டம் ஒன்றேகால் அங்குலம், எடை ஏறக்குறைய 6 கிலோ. அந்தக் கம்பியைக் கையில் தூக்கிப் பார்க்கிற மாதிரி எனக்குக் கணக்குத் தெரிகிறது. ஆள் பிழைத்துக்கொண்டார். ஆனால் பொறுமையாக இருந்தவர் வாய்க்கு வந்ததைத் திட்டுகிறவராக, நினைத்தவுடன் செய்கிறவராக மாறிப்போனார் என்று வைத்தியம் பார்த்த டாக்டர் எழுதி வைத்தார். பலரும் கதையை இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அவர் சிலி நாட்டுக்குப் போய் பல வருடம் குதிரைக் கோச்சு ஓட்டினார். ஆறு குதிரையை மேய்த்து, பயணிகளோடு பேசி, நேரத்துக்குப் போய்ச் சேருகிற வேலையைப் பொறுமை இல்லாதவரால் செய்ய முடியாது. ஒழுங்கான தினசரி வேலை அந்தப் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கொடுத்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

ஜாப் கார்டு

எனக்கு மிக அதிகமாக உதவியது ஒரு 40 பக்க நோட்டு. பட்டறையில் ஒவ்வொரு வேலைக்கும் ஜாப் கார்டு போடுவோம் இல்லையா, அதே மாதிரி ஒவ்வொரு கோபத்துக்கும் ஒன்று. வெடித்ததை மட்டும் எழுதினால் பிரயோஜனம் இல்லை. எரிச்சல் வந்து அடங்கியதையும் எழுத வேண்டும். நேரம், எங்கே, யார், அதற்கு முன்னால் கடைசியாக எப்போது சாப்பிட்டேன், முந்தின இரவு எத்தனை மணி நேரம் தூங்கினேன், உடம்பில் முதலில் எங்கே தெரிந்தது, மனசில் ஓடிய வார்த்தை என்ன, கோபம் 10-க்கு எவ்வளவு, அப்புறம் என்ன செய்தேன். நியாயம் யார் பக்கம் என்று எழுதக் கூடாது. அதை எழுத ஆரம்பித்தால் பழைய கோபமே திரும்ப வரும்.

ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன். “வியாழன், சாயங்காலம் 6.40. வீடு. மகள் செருப்பை வாசப்படியில் விட்டிருந்தாள். மதியம் சாப்பாடு இல்லை, 4 மணிக்கு டீயும் வடையும். தூக்கம் 5 மணி நேரம். காது மடல் சூடு. தாடை இறுக்கம். ‘வேணும்னே பண்றா.’ 5. செருப்பை எட்டி உதைத்தேன்.”

ஆறு வாரத்தில் 23 கார்டு சேர்ந்தது. அதில் 15 சாயங்காலம் ஆறிலிருந்து எட்டுக்குள். பெரும்பாலும் மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்ட நாட்கள். நான் பெரிய பெரிய காரணமெல்லாம் நினைத்து வைத்திருந்தேன். பார்ட்டி பணம் தராதது, அப்பா என்னை அடித்து வளர்த்தது. அவையெல்லாம் இல்லாமல் இல்லை. ஆனால் நாளைக்கே மாற்ற முடிந்தது மதியச் சாப்பாடு. ஒன்றரை மணிக்கு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுவது என்று வைத்தோம். வீட்டுக்குப் போகும் முன் பட்டறைத் திண்ணையில் பத்து நிமிடம் சும்மா உட்கார்வது என்று இன்னொன்று. இந்த இரண்டிலேயே கார்டு பாதியாகக் குறைந்தது.

உடம்பு கொடுக்கும் முதல் அடையாளத்தை வீட்டில் இருப்பவர்களிடமும் கேட்டு எழுதுங்கள். நான் காது மடல் சூட்டைச் சொன்னேன். மனைவி சொன்னது எனக்குத் தெரியவே தெரியாது. “ஒரே கேள்வியை ரெண்டாந்தடவை கேப்பீங்க. ‘இதை யார் இங்க வெச்சது?’ன்னு கேட்டு, நான் பதில் சொன்ன பிறகும் அதையே திரும்பக் கேப்பீங்க. அதுதான் எனக்கு சைரன்.”

விலகிப் போவது, திரும்பி வருவது

லேத்தில் சுவிட்சை அணைத்த பிறகும் சக் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருக்கும். அதைக் கையால் பிடித்து நிறுத்தப் போய் விரலை இழந்தவர்களை எனக்குத் தெரியும். வேலை பழக வரும் பையனுக்கு முதல் நாள் சொல்லிக் கொடுப்பதே, சக் தானாக நிற்கும் வரை கை வைக்காதே என்பதுதான். கோபமும் அப்படித்தான். வார்த்தை நின்ற பிறகும் உடம்பு சுற்றிக்கொண்டிருக்கும். நெஞ்சு படபடப்பு, மூச்சு, இரத்தத்தில் ஏறிய ரசாயனம் எல்லாம் இறங்க இருபது நிமிடம், அரை மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் “இப்பவே பேசி முடிச்சுரலாம்” என்று உட்கார்ந்தால் இரண்டாவது வெடி நிச்சயம்.

அதனால் விலகிப் போக வேண்டும். 7-க்கு வந்த பிறகு போக முடியாது, கால் நகராது. 4-லேயே போக வேண்டும். இதை முன்கூட்டியே, எல்லோரும் நிதானமாக இருக்கும் ஒரு நாளில் பேசி வைக்க வேண்டும். எங்கள் வீட்டு ஒப்பந்தம் இது. நான் “மோட்டார் நிறுத்திட்டு வரேன்” என்று சொல்லிவிட்டு மொட்டை மாடிக்குப் போவேன். நான் சொல்லாவிட்டால் மனைவியோ மகளோ “மோட்டார்” என்று சொல்லலாம். அதைச் சொன்னதற்காக அவர்களை நான் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. யாரும் என் பின்னால் வரக் கூடாது. வண்டிச் சாவியைத் தொடக் கூடாது, கோபத்தோடு வண்டி ஓட்டுவது அடுத்தவன் உயிருக்கு ஆபத்து. குடிக்கக் கூடாது. அரை மணி நேரம் ஆனதும் நான் கீழே வந்து, “இப்போ பேசலாமா?” என்று கேட்க வேண்டும். இந்தக் கடைசி விதிதான் மிக முக்கியம், கடினமும் அதுதான். விலகிப் போய்விட்டுத் திரும்பி வந்து பேசாவிட்டால் அது வேறு விதமான தண்டனை. என் அப்பா அப்படி வாரக்கணக்கில் பேசாமல் இருப்பார்.

மாடியில் என்ன செய்வது? நான் முதலில் வேகமாக நடந்தேன், ஒரு நாள் பழைய இரும்பைச் சுத்தியலால் அடித்துப் பார்த்தேன். ஆத்திரத்தைக் கொட்டித் தீர்த்துவிட்டால் போய்விடும் என்று நம்பினேன். போகவில்லை. கோபத்தைத் தணிக்கும் முறைகளைப் பற்றி நடந்த 154 ஆய்வுகளை, பத்தாயிரம் பேருக்கு மேல், ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை 2024-இல் வந்தது. உடம்பின் வேகத்தை ஏற்றும் முறைகள் மொத்தத்தில் கோபத்தைக் குறைக்கவில்லை. ஓட்டம் கொஞ்சம் கூட்டக்கூடச் செய்தது. மூச்சுப் பயிற்சி, தசைகளைத் தளர்த்துவது, தியானம் என்று வேகத்தை இறக்குபவைதான் குறைத்தன. நடையும் ஓட்டமும் உடம்புக்கு நல்லது, காலையில் செய்யுங்கள். கோபத்தின் நடுவில் வேண்டாம்.

நான் செய்வது இரண்டே விஷயம். நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுவது. கூடவே, இரண்டு கை முஷ்டியையும் ஐந்து விநாடி இறுக்கி, சட்டென்று விடுவது. அப்புறம் தோள், தாடை, பாதம் என்று ஒவ்வொன்றாக. ஆனால் இதை மாடியில் போய் முதல் தடவையாகச் செய்தால் வேலைக்கு ஆகாது. தினமும் காலையில் பட்டறை திறந்து மெயின் போடும் முன் பத்து நிமிடம், இரவு படுக்கும் முன் பத்து நிமிடம், கோபமே இல்லாத நேரத்தில் இரண்டு மாதம் செய்த பிறகுதான் அவசரத்துக்குக் கை கொடுத்தது.

“வேணும்னே” என்ற வார்த்தை

என் 23 கார்டில் 17-இல் இந்த ஒரு வார்த்தை இருந்தது. வேணும்னே லேட்டா வர்றான். வேணும்னே ஹாரன் அடிக்கிறான். வேணும்னே எதிர்த்துப் பேசுறா. கவுன்சலிங்கில் எனக்குக் கொடுத்த வேலை: இந்த வார்த்தை வரும்போதெல்லாம் வேறு இரண்டு காரணம் எழுத வேண்டும். நம்பத் தேவையில்லை, எழுதினால் போதும். பட்டறையில் வேறொரு பையன் லேட்டாக வந்தான். ஒன்று, பஸ் போயிருக்கலாம். இரண்டு, வீட்டில் தண்ணீர் வரும் நாளாக இருக்கலாம். (உண்மையில் அவன் அம்மாவுக்கு டயாலிசிஸ். நான் ஒரு நாளும் கேட்டதில்லை.) லட்சுமி மில்ஸ் சிக்னலில் பின்னால் ஹாரன் அடித்தவர் காரில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் இருக்கலாம். மூன்று வாரத்தில் கை எழுதும் முன் மனசு அந்தக் காரணங்களைத் தேட ஆரம்பித்தது. இந்த மாதிரி நினைப்பை மாற்றும் பயிற்சி, உடம்பைத் தளர்த்தும் பயிற்சி, சண்டை வரும் சூழ்நிலையை டாக்டர் முன்னால் நடித்துப் பழகுவது, மூன்றும் சேர்ந்ததுதான் சி.பி.டி. என்ற வைத்தியம். இந்தக் கோளாறுக்கு 12 வாரம் வைத்துச் சோதித்து, பலன் கிடைத்திருக்கிறது. எனக்குப் பதினாறு வாரம் ஆனது.

மாத்திரை

எனக்கு ஃப்ளூயாக்ஸெட்டின் கொடுத்தார்கள். எத்தனை மில்லிகிராம் என்று எழுத மாட்டேன், அது உங்கள் டாக்டர் சொல்ல வேண்டியது. “இதுல முழுசா சரியாயிடுமா?” என்று கேட்டேன். டாக்டரம்மா மறைக்கவில்லை. 100 பேரை வைத்துச் செய்து 2009-இல் வந்த ஆய்வில், இந்த மாத்திரை சாப்பிட்டவர்களில் 46 சதவீதம் பேருக்கு முழுதாகவோ ஓரளவோ அடங்கியது என்றார். அதனால் மாத்திரையை மட்டும் நம்பி நோட்டை மூடிவிடாதீர்கள். பலன் தெரியச் சில வாரம் ஆகும். எனக்கு முதல் பத்து நாள் வயிற்றைப் பிரட்டியது, அப்புறம் சரியாகிவிட்டது. தாம்பத்தியத்தில் ஆர்வம் குறையலாம். வெட்கப்படாமல் டாக்டரிடம் சொன்னால் வழி இருக்கிறது. நன்றாக இருக்கிறதே என்று திடீரென்று நிறுத்தக் கூடாது. இது பழக்கத்துக்கு அடிமையாக்கும் மாத்திரை இல்லை. 25 வயதுக்குள் இருப்பவர்களுக்குத் தொடங்கிய முதல் வாரங்களில் தற்கொலை எண்ணம் வருகிறதா என்று வீட்டார் கவனிக்க வேண்டும். சிலருக்கு வால்ப்ரோயேட், லித்தியம் போன்றவை கொடுப்பார்கள். கர்ப்பம் தரிக்கக்கூடிய வயதில் உள்ள பெண்கள் வால்ப்ரோயேட் என்றால் டாக்டரிடம் கட்டாயம் பேசுங்கள், அது கருவைப் பாதிக்கும்.

கூட இருப்பவர்களுக்கு

இந்தப் பகுதியை என் மனைவியிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். வெடிக்கும்போது நியாயம் பேச வேண்டாம், “அமைதியா இருங்க” என்றும் சொல்ல வேண்டாம், இரண்டுமே எண்ணெய். குழந்தையை அழைத்துக்கொண்டு கதவுக்குப் பக்கமாக நகருங்கள். சமையலறையில் நிற்காதீர்கள், அங்கே கைக்கு எட்டுவதெல்லாம் ஆயுதம். பக்கத்து வீட்டில் ஒருவரிடமாவது முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அடி விழுந்தால் நோய் என்று பொறுத்துக்கொள்ள வேண்டாம். 112 அவசரத்துக்கு, 181 பெண்களுக்கு, 1098 குழந்தைகளுக்கு. 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கும். நோயாளி வைத்தியம் பார்த்துக்கொள்ளும் காலத்தில் நீங்கள் அம்மா வீட்டில் இருப்பதும் சரியான முடிவுதான். என் மனைவி முதல் இரண்டு மாதம் அப்படித்தான் இருந்தாள். அது எனக்குக் கொடுத்த தண்டனை என்று அன்றைக்கு நினைத்தேன். மகளுக்கு இரண்டு மாதத் தூக்கம் கிடைத்தது என்று இன்றைக்குத் தெரிகிறது.

குழந்தைகளே இப்படி வெடித்தால், போனைப் பிடுங்கி அடித்து அடக்கப் பார்க்காதீர்கள். குழந்தைகளுக்கான மனநல டாக்டரிடம் காட்டுங்கள். படிப்புச் சிரமமும் கவனக்குறைவும் பல நேரம் கோபமாகத்தான் வெளியே வரும்.

மன்னிப்பைப் பற்றி. சண்டைக்கு மறுநாள் நான் அல்வா வாங்கி வருவேன், பெரிய சண்டை என்றால் புடவை. டாக்டரம்மா அதை முதல் வாரமே நிறுத்தச் சொன்னார். செய்ததை அதன் பெயரில் சொல்ல வேண்டும்: “நான் ஜாரை உடைச்சேன், நீ பயந்த.” காரணம் சேர்க்கக் கூடாது. உடைத்ததை நம் காசில், நம் கையால் சரிசெய்ய வேண்டும். அந்தப் பையனின் வீட்டுக்குப் போய் அவன் அம்மா முன்னால் நடந்ததை அப்படியே சொன்னேன். சக் சாவியை எறிந்தேன், தப்பு அவன் மேல் இல்லை, வைத்தியம் பார்த்துக்கொள்கிறேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பையன் என்னிடம் வேலைக்குத் திரும்பவில்லை. கணபதியில் வேறு பட்டறையில் சேர்த்துவிட்டேன்.

ஆறு வருடத்தில் பொருள் எதுவும் உடையவில்லை. ஆனால் கார்டு இன்னும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. போன மாதம் 60 ஷாஃப்ட் ரிஜெக்ட் ஆகித் திரும்பி வந்த நாள், மதியம் சாப்பிடவில்லை. வீட்டில் கரண்ட் பில் எங்கே என்று கேட்டேன். மேஜை மேல் என்று பதில் வந்தது. திரும்பவும் கேட்டேன். கல்லூரியில் படிக்கும் மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி “அப்பா, மோட்டார்” என்றாள். போனேன். இறங்கி வர நாற்பது நிமிடம் ஆனது. “இப்போ பேசலாமா?” என்று கேட்டேன். “முதல்ல சாப்பிடுங்க” என்றாள் மனைவி. இரவு நோட்டில் எழுதினேன்: “6-இல் போனேன். 4-இல் போயிருக்க வேண்டும். மகள் சொல்லித்தான் போனேன்.” வியாழக்கிழமை ஓ.பி.யில் டாக்டரம்மாவிடம் அந்தப் பக்கத்தைக் காட்ட வேண்டும்.